கூரைமேல் எந்த ஆன்டெனா?

தொலைக்காட்சி கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்ட இக்காலத்தில், மொட்டைமாடியில் ஆன்டெனா நாட்டுவது பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆயினும் ஹெப்பகோடியில் நால்வர் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்கும் மாணவர்க்கு மாதக் கட்டணம் ஒவ்வொன்றும் ஒரு சுமையே. வாடகை, உணவு, பேருந்து, இணையம் என்று வரிசையாகச் செலவு நிற்கையில், ஒருமுறை செலவழித்துவிட்டால் பிறகு மாதந்தோறும் காசு கேளாத ஒரு வழி இருக்குமானால் அதை அறிந்துகொள்வது நலமன்றோ? ஊர்ச் செய்தியைத் தாய்மொழியில் கேட்கவேண்டும் என்ற ஆவலும் நமக்குண்டு.

ஆன்டெனா வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்கும் கேள்வி, “இது எத்தனை கிலோமீட்டர் பிடிக்கும்?” என்பதே. பெட்டியின் மேலும் “200 கிலோமீட்டர்” என்றோ, அதற்கு மேலோ அச்சிட்டிருப்பார்கள். கேள்வியே பொருத்தமற்றது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தூரமா, பார்வையா?

ஹெப்பகோடி மாடி ஒன்றில் நாம் நிற்பதாகக் கொள்வோம். நம்மைச் சுற்றி மூன்று ஒளிபரப்பு நிலையங்களை எண்ணிப் பார்ப்போம். முதலாவது, பெங்களூர் ஜே.சி. நகரில் உள்ள தூர்தர்ஷன் கேந்திரத்தின் கோபுரம். வடக்கிலிருந்து சற்றே மேற்காக, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். இரண்டாவது, சென்னை. கிழக்கே ஏறத்தாழ 280 கிலோமீட்டர். மூன்றாவது, ஜிசாட்-15 என்னும் நம் நாட்டுச் செயற்கைக்கோள். அது ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், தென்கிழக்கு வானில் இருக்கிறது.

இம்மூன்றில் மிகத் தொலைவில் இருப்பது செயற்கைக்கோளே. ஆனால் அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஒரு தட்டைக் கொண்டு அதன் அலையை எளிதில் பிடித்துவிடுகிறோம். அதைவிட நூறு மடங்குக்கு மேல் அண்மையில் இருக்கும் சென்னையின் கோபுரத்தையோ, தென்னைமர உயரத்துக்குக் கம்பம் நட்டாலும் பிடிக்க இயலாது. இந்தப் புதிருக்கு விடை எளியது. தொலைக்காட்சி அலைகள் ஒளியைப் போலவே பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. செயற்கைக்கோளுக்கும் நமக்கும் இடையே வெட்டவெளி. சென்னைக்கும் நமக்கும் இடையே மலைத்தொடர்களும், அவற்றினும் பெரிய தடையாகிய பூமியின் முதுகும் நிற்கின்றன.

பூமியின் வளைவு எவ்வளவு தூரத்தில் மறைக்கும் என்பதை நாமே கணக்கிடலாம். கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால், சமவெளியில் அதன் அலை எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 150 மீட்டர்க் கோபுரமாயின் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பார்ப்பவருடைய ஆன்டெனா 9 மீட்டர் உயரத்தில் இருந்தால் மேலும் 12 கிலோமீட்டர் கூடும். ஆக 62 கிலோமீட்டர். அதற்கப்பால் அலை நம் தலைக்கு மேலே வானத்துக்குப் போய்விடும். பெட்டியின்மேல் என்ன எண்ணை அச்சிட்டாலும் பூமி தட்டையாகிவிடாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 1980-களில் தூத்துக்குடியிலும், இராமநாதபுரத்திலும், நெல்லைச் சீமையிலும் இலங்கையின் ரூபவாகினியை மக்கள் பார்த்தார்களே, அது எப்படி? உண்மைதான். ரூபவாகினி 1982 பிப்ரவரி 15-இல் தொடங்கியது. அதன் முதன்மை ஒலிபரப்பி இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலையில், 2,524 மீட்டர் உயரத்தில் இருந்தது. நம் கணக்கின்படி அதன் அலை 200 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் வரை எட்டும். தூத்துக்குடியோ ஏறத்தாழ 350 கிலோமீட்டர். மிச்சத் தொலைவைக் கடக்க உதவியது கடல். கடலின் மேல் ஈரக் காற்றும் வெப்பக் காற்றும் அடுக்கடுக்காகப் படியும் நாட்களில் அலை அந்த அடுக்குகளுக்குள் சிக்கி, குழாய்க்குள் நீர் செல்வதுபோல் வளைந்து செல்லும். ஆகவேதான் ஒருநாள் படம் கண்ணாடிபோல் தெரியும். மறுநாள் வெறும் புள்ளிகள் பறக்கும். வீட்டுக் கூரைகளில் நெடிய கம்பங்களை நட்டு, பூஸ்டர் பூட்டி, கம்பத்தைத் திருப்பத் திருப்பக் கீழிருந்து ஒருவர் “வந்தது, போயிற்று” என்று குரல் கொடுத்த காலம் அது. ஹெப்பகோடிக்கும் சென்னைக்கும் இடையே அப்படிக் கைகொடுக்கக் கடல் இல்லை.

மீன்முள் ஆன்டெனாவின் கதை

வீட்டுக் கூரைகளில் மீன்முள் போல் நின்ற அந்த ஆன்டெனாவுக்கு யாகி ஆன்டெனா என்று பெயர். ஜப்பானில் தொஹோக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி என்னும் இருவர் 1926-இல் இதை உலகுக்கு அறிவித்தனர். ஆய்வில் பெரும்பங்கு உடாவுடையது. பெயர் நிலைத்ததோ யாகிக்கு. சொந்த நாட்டில் அதை மதித்தவர் அன்று குறைவு. 1942-இல் ஜப்பானியப் படை சிங்கப்பூரைப் பிடித்தபோது, ஆங்கிலேயர் விட்டுச்சென்ற ராடார் குறிப்புகளில் “யாகி” என்ற சொல் திரும்பத் திரும்ப வந்ததாம். அது என்ன சொல் என்று புரியாமல் சிறைப்பட்ட ஆங்கிலேயர் ஒருவரைக் கேட்க, “அது உங்கள் நாட்டுப் பேராசிரியர் பெயர்தானே!” என்று அவர் வியந்து கூறினார் என்பது மின்னணு வரலாற்றில் பலரும் சொல்லும் செய்தி.

இந்த ஆன்டெனாவின் அமைப்பு எளிது. நடுவில் இருக்கும் ஒரு தண்டுதான் உண்மையில் அலையை வாங்குகிறது. கேபிள் இணைக்கப்படுவதும் அதில்தான். அதற்குப் பின்னால் சற்று நீளமான தண்டு ஒன்று, பின்புறம் தப்பிச் செல்லும் அலையை முன்னோக்கித் திருப்பி அனுப்புகிறது. முன்னால் வரிசையாக நிற்கும் குட்டையான தண்டுகள் அலையை உள்ளே வழிநடத்துகின்றன. காது மந்தமானவர் செவிக்குப் பின்னால் கையைக் குவித்துக் கேட்பதை ஒத்தது இது. ஒரு திசையில் கூர்மையாகக் கேட்கும். பிற திசைகளைப் புறக்கணிக்கும்.

நடுத்தண்டின் நீளம் அலையின் நீளத்தில் ஏறத்தாழ பாதி இருக்கவேண்டும். பழைய தூர்தர்ஷன் நிலையங்கள் சில 60 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஒளிபரப்பின. அங்கே அலைநீளம் 5 மீட்டர். எனவே தண்டு இரண்டரை மீட்டர். தாத்தா வீட்டு ஆன்டெனா அவ்வளவு பெரிதாக இருந்ததற்குக் காரணம் இதுவே. டிஜிட்டல் ஒளிபரப்புக்குப் பயன்படும் யு.எச்.எஃப். பகுதியில், 500 மெகாஹெர்ட்ஸில், அலைநீளம் 60 சென்டிமீட்டர். தண்டு 30 சென்டிமீட்டர் போதும். பழைய பெரிய ஆன்டெனா கிடைத்தால் புதிய பணிக்கு ஆகும் என்று எண்ணிச் சுமந்து வராதீர்கள்.

‘டிஜிட்டல் ஆன்டெனா’ உண்டா?

கடைகளில் “டிஜிட்டல் ஆன்டெனா”, “எச்.டி. ஆன்டெனா”, “4கே ஆன்டெனா” என்றெல்லாம் பெயரிட்டு விலையை ஏற்றுகிறார்கள். ஆன்டெனா என்பது உலோகத் தண்டுகளின் கூட்டம். வரும் அலையில் ஏற்றியிருப்பது அனலாக்கா, டிஜிட்டலா, துல்லியப் படமா என்பது அதற்குத் தெரியாது. அதைப் பிரித்தறிவது தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அல்லது செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கும் ட்யூனர். ஆகவே பார்க்கவேண்டியது ட்யூனரின் வகையே. நம் நாட்டில் தூர்தர்ஷன் மேற்கொண்ட தரைவழி டிஜிட்டல் முறை டி.வி.பி.-டி2. அமெரிக்காவின் முறை வேறு. அங்கிருந்து உறவினர் அன்போடு கொண்டுவந்து தரும் பெட்டியிலுள்ள ட்யூனர் இங்கே அலையைப் புரிந்துகொள்ளாது.

அனலாக்குக்கும் டிஜிட்டலுக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. அனலாக்கில் அலை மெலிந்தால் படமும் மெல்ல மெல்ல மங்கும். பனி பெய்வதுபோல் புள்ளிகள் தோன்றினாலும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். டிஜிட்டலில் அந்தச் சலுகை இல்லை. தேவையான அளவு அலை வரும்வரை முழுமையான படம். அதற்குச் சிறிது குறைந்தாலும் கட்டங்கட்டமாகச் சிதறிப் பிறகு வெறுந்திரை. ஆகவே, எல்லையில் தத்தளிக்கும் ஆன்டெனா டிஜிட்டலுக்கு உதவாது. சற்று மிச்சம் இருக்கவேண்டும்.

தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் டி.வி.பி.-டி2 ஒளிபரப்பைத் தொடங்கியதாக அறிவித்தது. சென்னையும் பெங்களூரும் அவற்றுள் அடங்கும். பழைய அனலாக் நிலையங்களை, எல்லைப்புறம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, 2021, 2022 ஆண்டுகளில் படிப்படியாக மூடியது. இங்கே ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும். நம் நாட்டில் தரைவழித் தொலைக்காட்சி தூர்தர்ஷன் ஒன்றுக்கே உரியது. தனியார் நிறுவனங்களுக்கு அங்கே இடமில்லை. எனவே பெங்களூரில் யாகி ஆன்டெனா எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், தூர்தர்ஷன் அந்தக் கோபுரத்திலிருந்து விடும் ஒரு சில சேனல்களுக்கு மேல் அது எதையும் கொண்டுவராது. தமிழ்த் தனியார் சேனல்கள் அந்த அலையில் இல்லவே இல்லை.

ஆதலால் யாகி வாங்க விழைபவர் முதலில் ஒரு சோதனை செய்யவேண்டும். டி.வி.பி.-டி2 ட்யூனர் உள்ள பெட்டி ஒன்றையும், சிறிய யு.எச்.எஃப். ஆன்டெனா ஒன்றையும் இரவல் வாங்கி மாடிக்குக் கொண்டுசெல்லுங்கள். வடக்கிலிருந்து சற்றே மேற்காகத் திருப்பி, ஆட்டோ ட்யூனிங் செய்து பாருங்கள். 20 கிலோமீட்டர் என்பது பெரிய தொலைவன்று. திறந்த மாடியில் சிறிய ஆன்டெனாவில் ஒரு சேனலும் அகப்படவில்லையானால், பெரிய ஆன்டெனாவுக்குப் பணம் கொடுப்பது வீண். அகப்பட்டால், அதைவிடச் சற்று நீளமானது போதும்.

தட்டு ஆன்டெனா

கர்நாடகத்துக்கும் தட்டு ஆன்டெனாவுக்கும் உள்ள உறவு பழையது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கொண்டு நம் விஞ்ஞானிகள் சைட் என்னும் சோதனையை நடத்தினர். ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு வானிலிருந்து நேரே தொலைக்காட்சி வந்தது. அந்த ஆறில் கர்நாடகமும் ஒன்று. அக்கிராமங்களில் நிறுவிய தட்டுகள் ஏறத்தாழ 3 மீட்டர் அகலமானவை. கோழிக்கூட்டுக்குப் போடும் கம்பிவலையால் செய்தவை! அன்றைய அலை 860 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் 35 சென்டிமீட்டர். வலையின் ஓட்டை அலைநீளத்தைவிட மிகச் சிறிதாக இருந்தால், அலைக்கு அது ஓட்டையாகவே தோன்றாது, சுவராகவே தோன்றும். இன்றைய கே.யு. பட்டை அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே. ஆகவே தட்டு சிறியதாகவும், மேற்பரப்பு வழவழப்பாகவும் இருக்கின்றன. கால் பட்டு நசுங்கிய தட்டை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

பிரசார் பாரதி 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவையே இன்று டிடி ஃப்ரீ டிஷ் என வழங்குகிறது. இதற்கு மாதக் கட்டணம் இல்லை. தட்டு, எல்.என்.பி., கேபிள், பெட்டி ஆகியவற்றை ஒருமுறை வாங்கினால் போதும். டிடி தமிழ், டிடி சந்தனா, பிற மொழித் தூர்தர்ஷன் சேனல்கள், ஆகாசவாணியின் வானொலிகள் ஆகியவை இதில் வருகின்றன. பொதிகை என்று நாம் அறிந்திருந்ததே 2024 ஜனவரி 19 முதல் டிடி தமிழ் ஆயிற்று. தனியார் சேனல்களின் இடங்கள் ஏலத்தில் விடப்படுகின்றன. எனவே பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். தனக்குப் பிடித்த தமிழ்த் தனியார் சேனல் எல்லாம் இலவசமாக வரும் என்று எண்ணி இறங்குபவர் ஏமாறுவார். பெட்டி வாங்கும்போது எம்பெக்-4 வகையைக் கேட்டு வாங்குங்கள். எம்பெக்-2 மட்டும் அறிந்த பழைய பெட்டியில் சேனல்கள் குறையும்.

ஜிசாட்-15 கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. ஹெப்பகோடியிலிருந்து நோக்கினால் அது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக ஏறத்தாழ 128 பாகையில், அதாவது தென்கிழக்கிலிருந்து சற்றே கிழக்காகத் தெரியும். அடிவானத்திலிருந்து உயரம் ஏறத்தாழ 66 பாகை. உச்சிக்குப் பக்கம் என்றே சொல்லலாம். இதனால் நமக்கு ஒரு பெரும் நன்மை உண்டு. வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில், தென்கிழக்கே நம் தட்டைவிட 10 மீட்டர் உயர்ந்த கட்டடம் ஒன்று இருந்தாலும், அது நாலரை மீட்டருக்கு அப்பால் இருந்தால் மறைக்காது. தரைவழி அலையோ அடிவானத்தை ஒட்டி வருவதால் நகரத்துக் கட்டடங்களுக்கிடையே தடுக்கி விழுந்துதான் வரவேண்டும். மாடியின் வடபுறம் மறைந்து தென்கிழக்கு திறந்திருந்தால் உங்கள் தேர்வு அப்போதே முடிந்துவிட்டது.

60 சென்டிமீட்டர் தட்டு வானத்தில் ஏறத்தாழ 3 பாகை அகலத்தையே பார்க்கும். கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் அதன் அகலம் ஏறத்தாழ 1 பாகை. ஆகவே இரண்டு சுண்டுவிரல் அளவு பிசகினாலும் படம் இராது. தட்டைச் சிறிது திருப்புங்கள். சில விநாடி பொறுங்கள். பெட்டி அலையைப் பற்றிக்கொள்ள நேரம் வேண்டும். திரையில் தோன்றும் இரு கோடுகளில் வலிமையைக் காட்டுவதை நம்பாமல் தரத்தைக் காட்டுவதையே பின்பற்றுங்கள். எல்.என்.பி.யையும் தன் பிடிக்குள் மெல்லத் திருப்பித் தரம் உச்சமடையும் இடத்தில் இறுக்குங்கள். கைப்பேசியின் திசைகாட்டி இரும்புக் கம்பத்தருகே பொய் சொல்லும். சற்றுத் தள்ளி நின்று பாருங்கள்.

இந்த அலைக்கு ஒரு பலவீனம் உண்டு. கனமழைத் துளிகள் அதை உறிஞ்சிவிடும். பெங்களூரின் இடிமழை மாலைகளில் சில நிமிடம் படம் மறைவது இயல்பு. அது அடிக்கடி நேர்ந்தால் 60-க்குப் பதிலாக 75 அல்லது 90 சென்டிமீட்டர் தட்டை நாடலாம்.

வாங்கும்போதும் நாட்டும்போதும்

யாகியாயின் டெசிபெல் கணக்கைப் பாருங்கள். 3 டெசிபெல் என்பது இரு மடங்கு. 10 டெசிபெல் என்பது பத்து மடங்கு. ஆன்டெனாவின் நீளத்தை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபெல்லுக்கு மேல் இல்லை. அதே சமயம், 20 மீட்டர் ஆர்.ஜி.-6 கேபிள் 500 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3 டெசிபெல்லைத் தின்றுவிடும். ஆன்டெனாவை இரட்டிப்பதும் கேபிளைக் குறைப்பதும் ஏறக்குறைய ஒரே பயன் தருமென்றால், மாணவன் எதைத் தேர்வான்? பூஸ்டர் தேவைப்பட்டால் கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவின் அருகில் பூட்டவேண்டும். அறைக்குள் தொலைக்காட்சியின் அருகே பூட்டினால், வழியில் சேர்ந்த இரைச்சலையும் அது சேர்த்தே பெருக்கும். வராத அலையை எந்தப் பூஸ்டராலும் படைக்க முடியாது.

கேபிள் 75 ஓம் வகையாக இருக்கட்டும். இணைப்பின்மேல் மழைநீர் இறங்காதபடி நாடா சுற்றுங்கள். கேபிள் சன்னலுக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால் நீர் அங்கே சொட்டிவிடும்; அறைக்குள் வராது.

எல்லாவற்றினும் மேலாக உயிர் பெரிது. கம்பம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமாகப் பார்த்து நாட்டுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் இடியும் மின்னலும் மிகுதி. கம்பத்திலிருந்து எர்த் கம்பி இறக்குங்கள். வானம் கறுக்கும்போதே கேபிளைக் கழற்றி வையுங்கள். மின்னும்போது மாடியேறிப் படம் சரிபார்க்கும் வீரம் நமக்கு வேண்டாம். வீட்டுக்காரரின் இசைவு பெறாமல் சுவரில் துளையிடுவதும் கூடாது, முன்பணத்தில் கைவைப்பார்.

நண்பர்களே! சுருக்கம் இதுதான். கடைக்குப் போகுமுன் மாடிக்குப் போங்கள். எந்தத் திசை திறந்திருக்கிறது, அத்திசையிலிருந்து எந்த அலை வருகிறது, அந்த அலையில் நாம் விரும்பும் மொழி இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டபின் விலையைக் கேளுங்கள். தட்டைச் செவ்வனே திருப்பி முடித்த அன்று மாலை டிடி தமிழில் செய்தியைக் கேளுங்கள். அடுத்த நாள் டிடி சந்தனாவையும் திருப்புங்கள். நம்மை வாழவைக்கும் ஊரின் கன்னடத்தை வீட்டிலிருந்தபடியே கற்க அதுவும் ஒரு காசு கேளாத ஆசிரியர்.